சிக்குன்குனியா வந்து 14 மாதம் ஆச்சு, விரல் இன்னும் மடங்கவில்லை. யாருக்காவது முழுசாகச் சரியானதா?

தையல்காரி (திண்டுக்கல் பக்கம்)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு 46 வயது. வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சிக்குன்குனியாவில் படுத்தோம். எனக்குக் காய்ச்சல் மொத்தம் நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை.

காலையில் கண் விழித்தால் கை மூடாது. வெந்நீரில் வைத்து, மெதுவாக மடக்கி நீட்டி, ஒரு மணி நேரம் போன பிறகுதான் டம்ளரைப் பிடிக்க வரும். கணுக்கால் வீங்கியே கிடப்பதால் மெஷின் மிதிக்கவும் சிரமம். முன்பெல்லாம் தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் முடிப்பேன், இந்தத் தீபாவளிக்கு இரண்டைத் தாண்டவில்லை. மெஷின் தையல்கூட எப்படியோ ஓடிவிடுகிறது, ஹூக் வைத்துக் கைத்தையல் போடும்போது கட்டைவிரல் அடியில் உயிர் போகிறது. பதினைந்து வருடமாக என்னிடம் தைப்பவர்களின் துணியை வாங்காமல் திருப்பி அனுப்பினேன், அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். இந்த மார்கழியில் வாசலில் ஒரு கோலம்கூடப் போடவில்லை. மாவு விரலுக்கு நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது, உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும்.

இதையெல்லாம் விட, "காய்ச்சல்தான் போயிருச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து டாக்டரிடம் போனால் ரத்தம் எடுத்துப் பார்த்து, ருமட்டாய்டு மூட்டுவாதத்தைக் காட்டும் ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை, யூரிக் ஆசிட் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லைம்மா, கால்சியம் சாப்பிடுங்க என்றார். ஒன்றுமில்லை என்றால் இந்த வலி எங்கிருந்து வருகிறது?

ஒரு வருடத்துக்கு மேல் வலி இருந்து, பிறகு சரியானவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஆட்டோ மதுரை

அக்கா, எனக்கு இரண்டு வருடத்துக்கு முன் வந்தது. என் கதையைக் கேட்டு நீங்கள் அதே தப்பைச் செய்யாமல் இருந்தால் போதும்.

எனக்கு இடது கை மணிக்கட்டு. ஆட்டோவில் கிளட்ச், கியர் இரண்டும் இடது கையில்தான், சிக்னலுக்குச் சிக்னல் பிடித்து விட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வண்டியை நிறுத்தினால் டியூ கட்ட முடியாது. ஒருவர் சொன்னார் என்று ஓர் இடத்தில் போய் ஊசி போட்டேன். அன்றைக்கு ராத்திரியே வலி பறந்துவிட்டது. கடவுள் மாதிரி அவரைக் கும்பிட்டேன். பத்து நாளில் வலி திரும்பியது, திரும்பவும் ஊசி, கூடவே பெயர் எழுதாத கவரில் சின்ன மாத்திரை. இப்படி நான்கு மாதம் போனது. முகம் உப்பிவிட்டது, எல்லாரும் உடம்பு தேறிட்டியேப்பா என்றார்கள். அப்புறம் ஒரு நாள் தலைசுற்றி விழுந்தபோது சர்க்கரை 280. அதுவரை எனக்குச் சர்க்கரையே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நீ சாப்பிட்டது ஸ்டீராய்டு, இனிமேல் அதைப் பட்டென்று நிறுத்தவும் கூடாது என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

இப்போது வலி கால்வாசிதான் இருக்கிறது, சர்க்கரை மாத்திரை மட்டும் தொடர்கிறது. மாத்திரை அட்டையில் பெயர் இல்லாமல் யார் என்ன கொடுத்தாலும் வாங்காதீர்கள் அக்கா.

ஓய்வுபெற்ற நர்ஸ்

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள் வலி உண்மை. அதற்குப் பெயர் இருக்கிறது, அதற்கான மருத்துவரும் இருக்கிறார்.

2006-இல் நான் காய்ச்சல் வார்டில் இருந்தேன். கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். அந்த வருடம் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்று அரசு கணக்குக் கொடுத்தது. அது காய்ச்சலோடு வந்தவர்களின் கணக்கு. ஆறு மாதம் கழித்துக் குடம் தூக்க முடியாமல் நின்றவர்களை யாரும் எண்ணவில்லை. அவர்கள் வார்டுக்கு வரவில்லை, ஊசி போட்டுக்கொள்ள வெளியே போனார்கள், இல்லையென்றால் வீட்டிலேயே இருந்தார்கள். இத்தனை வருடம் ஆகியும் நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். உங்கள் வீட்டில் நம்பாததற்கும் அது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நான்கு நாள் காய்ச்சல் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம்.

இந்த நோய் 1952-இல் இன்றைய தான்சானியாவின் தெற்கே மகோண்டே பீடபூமியில் பரவியபோதுதான் முதலில் கண்டறியப்பட்டது. பெயரும் மகோண்டே மக்களின் மொழியிலிருந்து வந்தது, உடம்பை வளைத்து முறுக்கிப் போடுவது என்ற பொருளில். வலியை வைத்தே பெயர் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். நம் ஊரில் "குனியா" என்றதும் குனிய முடியாத நோய் என்று எடுத்துக்கொண்டார்கள், அதுவும் பொருந்தித்தான் போனது. முதல் பாதியைச் சிக்கன் என்று கேட்டவர்கள் கோழிக்கறியை விட்டுவிட்டார்கள். காய்ச்சலில் வாடிய உடம்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய சத்தும் போனது, அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. நமக்கு இது புதிய நோயும் இல்லை. 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் வந்து போனதுதான். 1973-க்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சத்தமில்லாமல் இருந்து 2005 கடைசியில் திரும்பியது.

இனி உங்கள் கை. முதல் மூன்று வாரத்துக்குள் போகும் வலி ஒரு வகை. மூன்று மாதம் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட மூட்டு அழற்சி என்று தனியாக வைத்துப் பார்ப்பார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள், பெண்கள், ஆரம்பத்தில் வலி கடுமையாக இருந்தவர்கள், ஏற்கெனவே மூட்டில் கோளாறு இருந்தவர்கள் – இவர்களுக்கு இழுத்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகளைத்தான் பிடிக்கும். மூட்டு மட்டுமில்லை, தசைநார் ஓடும் உறையும் வீங்கும். உங்கள் கட்டைவிரல் அடியில் வருவது அதுவாக இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை என்றால் ருமட்டாய்டு இல்லாமல் இருக்கலாம் என்றுதான் பொருள், வலியே இல்லை என்று பொருள் இல்லை.

எலும்பு டாக்டர் வேறு, வாதநோய் மருத்துவர் வேறு. நீங்கள் பார்க்க வேண்டியது ருமட்டாலஜி. சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்குத் தனித் துறை இருக்கிறது, வேறு சில பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு, ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துப் போங்கள். போகும்போது காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்தெந்த மூட்டு வீங்குகிறது என்று இரண்டு வாரம் குறித்து எடுத்துப் போங்கள். "கை கால் வலி" என்று பொதுவாகச் சொன்னால் கால்சியம்தான் கிடைக்கும். முடிந்தால் வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப்போங்கள்.

மூலிகைத் தோட்டம்

இவ்வளவு தூரம் போக வேண்டாம் சகோதரி. நிலவேம்புக் குடிநீர் ஒரு மண்டலம் தொடர்ந்து குடியுங்கள். அரசாங்கமே கொடுத்ததுதானே. ஆங்கில மருந்து வலியை அமுக்கும், நோய் உள்ளேயே இருக்கும்.

பீடிக்காரி மகன் (தென்காசி)

என் அம்மா ஒரு வருடமாக நிலவேம்பு குடிக்கிறார். இதற்கு மேல் எத்தனை மண்டலம்?

கோபமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு 52 வயது, பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும், எல்லாமே விரல் நுனி வேலை. காய்ச்சலுக்கு முன் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் சுற்றுவார், இப்போது நானூறு தாண்டினால் பெரிது. நான் வேலை பார்ப்பது ஓசூரில். போனில் கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்பார். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தார். எனக்குப் பேச்சே வரவில்லை. மூக்கும் கன்னமும் கறுத்துப் போயிருக்கிறது, முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்கிறது, அதையும் என்னிடம் சொல்லவில்லை. இதுவும் அந்தக் காய்ச்சலால்தானா?

ஓய்வுபெற்ற நர்ஸ்

தம்பி, மூக்கும் கன்னமும் கறுப்பது இந்தக் காய்ச்சலுக்கே உரிய அடையாளங்களில் ஒன்று, பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். கடுமையான காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் வழக்கம், அது திரும்ப வளரும். ஆனால் ஒரு வருடம் ஆகியும் இரண்டும் தெரிகிறது என்கிறீர்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல்லால் மூடி திறப்பவரை இனிமேல் தனியாக விட்டுவைக்காதீர்கள், இந்த மாதமே கூட்டிப்போங்கள்.

நிலவேம்பு பற்றி. நானும் 2012-இல் டெங்கு பெருகியபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தவள்தான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. அது காய்ச்சல் நேரத்துக்குச் சொன்ன குடிநீர். ஒரு வருடமாக வீங்கிய மூட்டுக்கு அதை மட்டும் நம்பிக் காலத்தைப் போக்கக் கூடாது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் படித்த சித்த மருத்துவரிடம் கை பிடித்துக் காட்டிப் பாருங்கள், அதுவும் ஒரு வழி. பாக்கெட் வாங்கி நாமே கொதிக்க வைப்பதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

"உள்ளேயே இருக்கும்" என்றதற்கும் சொல்கிறேன். வைரஸ் மூட்டின் உள்சவ்வுக்குள் போகிறது என்பது தெரியும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் 18 மாதம் கழித்தும் வைரஸின் எச்சம் கிடைத்தது. பிறகு கொலம்பியாவில் ஏறத்தாழ இரண்டு வருடம் வலியோடு இருந்தவர்களின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. வைரஸ் ஒளிந்திருக்கிறதா, வைரஸ் போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் மூட்டைத் தாக்குகிறதா என்பதில் இன்னும் முடிவு இல்லை. இரண்டில் எதுவானாலும் அங்கே அழற்சி இருக்கிறது, அதைத் தணிக்கத்தான் மருந்து.

வலிகாமத்தான்

அக்கா, நான் யாழ்ப்பாணம். ஒரு வருசத்துக்குப் பிறகு சுகமானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள், என் அம்மா இருக்கிறா.

எங்களுக்கு 2006 கடைசியில் வந்தது. அந்த ஆகஸ்ட்டில் சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைவழியான ஏ9 பாதை பூட்டியாச்சு, குடாநாட்டுக்குள் சாமான் எல்லாம் கப்பலில்தான். பனடோல் குளிசைக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஊரடங்கு நேரத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அம்மாவுக்குக் காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டுவிட்டது, கைநோ விடவில்லை. கிணற்றில் வாளி இழுக்கிற மனுசி, கயிற்றைப் பிடிக்க முடியாமல் கிணற்றடியில் நின்று அழுதது எனக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அப்ப பதின்மூன்று வயசு. அதற்குப் பிறகு வீட்டுக்குத் தண்ணீர் அள்ளினது நான்தான்.

இரண்டரை வருசம் போனது. ஒரே நாளில் சுகமாகவில்லை. முதலில் விறைப்பு குறைந்தது, பிறகு வீக்கம், கடைசியாகத்தான் பிடி திரும்பி வந்தது. குளிர் காலத்தில் இடைக்கிடை திரும்பி வரும், பிறகு போகும். இப்ப 71 வயசு, தேங்காய் தானே துருவுகிறா. அவ சொல்லச் சொன்னது: வலி இல்லாத நாளில் விட்ட வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாமாம். அப்படிச் செய்த ஒவ்வொரு தடவையும் அடுத்த மூன்று நாள் படுக்கையாம்.

கணக்குப்பிள்ளை

எனக்குச் சிக்குன்குனியா இல்லை, 2021-இல் கொரோனா. இரண்டு மாடி ஏறினால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது, மாலை நான்கு மணிக்கு மேல் எண்கள் மண்டையில் ஏறாது. அந்த அம்மா சொன்ன ஒரே மூச்சு விஷயம் எனக்கும் அப்படியே பொருந்துகிறது. வேலையைத் துண்டு துண்டாக்கி, களைப்பு வருவதற்கு முன்பே உட்காரப் பழகிய பிறகுதான் வாரம் முழுக்க ஆபீஸ் போக முடிகிறது. பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க என்று இங்கேயும் கேட்கிறார்கள்.

தையல்காரி (திண்டுக்கல் பக்கம்)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. யாழ்ப்பாணத் தம்பி, உங்கள் அம்மா தேங்காய் துருவுவதை மகளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். சிஸ்டர், நீங்கள் சொன்னபடி நோட்டில் குறிக்க ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கு விறைப்பு 70 நிமிடம், வீக்கம் வலது கட்டைவிரல், இரண்டு மணிக்கட்டு, இடது கணுக்கால். அடுத்த வாரம் போகிறேன். அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

ஒரு பயம் மட்டும். மறுபடி கொசு கடித்தால் இது மறுபடி வருமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்

ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருவது மிக அரிது, அந்த எதிர்ப்புச் சக்தி நீண்ட காலம் நிற்கும். ஆனால் அதே கொசு டெங்குவும் கொண்டுவரும். பகலில் கடிக்கும் கொசு இது. நல்ல தண்ணீரில், ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டில், தேங்காய்த் தொட்டியில், பழைய டயரில் முட்டையிடும். முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பது மகளாக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

மறுபடி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, ரத்தக்கசிவு ஆகிவிடலாம்.

தையல்காரி (திண்டுக்கல் பக்கம்)

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன்.

மதுரைக்குப் போய் ருமட்டாலஜி டாக்டரைப் பார்த்தோம். நோட்டை வாங்கி முழுசாகப் படித்தார். பதினான்கு மாதத்தில் என் கையைத் தொட்டு ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். ஸ்கேனில் மணிக்கட்டிலும் கட்டைவிரல் தசைநார் உறையிலும் வீக்கம் தெரிந்தது. திரையைத் திருப்பி எங்கள் வீட்டுக்காரருக்கே காட்டினார். அவர் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. இன்றுவரை அவர்தான் பிடிக்கிறார்.

டாக்டர் அழற்சியைத் தணிக்க மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து கொடுத்திருக்கிறார், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். தப்பித் தவறி தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மூன்று முறை சொன்னார். மகள் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மற்றொரு நாள் ஃபோலிக் ஆசிட். இடையில் ரத்தம், கல்லீரல் டெஸ்ட். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் கேட்டு வாங்காதீர்கள், எனக்கு எழுதுவதற்கு முன்பே ஐந்தாறு டெஸ்ட் எடுத்தார்கள். பிசியோவில் உருகிய மெழுகில் கையை முக்கி எடுத்து, சூடு இருக்கும்போதே விரலை மடக்கச் சொல்லித் தந்தார்கள்.

மெஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டேன், கணுக்காலுக்கு அது பெரிய விடுதலை. ஹூக், எம்மிங் வேலையை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று பேசி. முதல் ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை, விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. இப்போது காலை விறைப்பு இருபது, இருபத்தைந்து நிமிடம். கணுக்கால் இன்னும் அப்படியேதான்.

தென்காசித் தம்பி, அம்மாவைக் கூட்டிப்போனீர்களா? எழுதவே இல்லையே.

பீடிக்காரி மகன் (தென்காசி)

போனோம் அக்கா. போன மாதம். அம்மாவுக்கு வேறு மாத்திரை, கண் டெஸ்ட் எடுத்த பிறகு ஆரம்பித்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது, அதற்கும் மருந்து. உங்கள் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு எழுத வராது, அதனால் தினமும் காலையில் போன் செய்து நான் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதில்லை, எந்த விரல் என்று சொல்கிறார்.

ஆட்டோ மதுரை

தையல் அக்கா, கத்தரிக்கோலால் துணி வெட்டும்போதும் கட்டைவிரல் வலிக்குமே, அதற்கு ஒன்று பார்த்தேன். வெட்டியதும் தானாகவே விரியும் ஸ்பிரிங் வைத்த கத்தரி இருக்கிறது, கட்டைவிரலால் இழுத்துத் திறக்க வேண்டியதில்லை. நான் கிளட்ச் பிடியில் ரப்பர் சுற்றி மொத்தமாக்கிக் கொண்டேன், மெல்லிய பிடியை இறுக்குவதுதான் வலி. உங்கள் கத்தரிப் பிடியிலும் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றிப் பாருங்கள்.

தையல்காரி (திண்டுக்கல் பக்கம்)

டியூப் சுற்றிவிட்டேன் தம்பி, நன்றாக இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் பேத்திக்கு ஒரு பாவாடை சட்டை தைத்தேன். நான்கு பட்டன் ஓட்டை, நான்கையும் கையாலேயே போட்டேன். இரண்டு நாள் எடுத்தது.